ஓடாத வண்டிக்கு என்ன விலை? ஒரு டுக்காட்டியும் ஏலச் சொல்லாடலும்

ஏலக் கம்பெனிகள் அச்சிட்டு அனுப்பும் கேட்டலாக்குகளை ஓர் எழுத்து வகையாக வைத்து யாரும் படிப்பதில்லை. படிக்கத்தான் வேண்டும். நாவலைப் பற்றியும் வாய்மொழிக் கதைகளைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகிற நாம், ஒரு பொருளை லட்சக்கணக்கான டாலருக்கு ஏற்றிவிடுகிற இந்த அரைப்பக்கக் கதையாடலை 'விளம்பரம்தானே' என்று ஒதுக்கிவிடுகிறோம். அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அந்தக் கதைக்குள் யார் பெயரோடு வரலாம், யார் பெயரில்லாமல் போகவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஒரு மோட்டார் சைக்கிள். 1974இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் செய்யப்பட்ட டுக்காட்டி 750 சூப்பர் ஸ்போர்ட். அந்த வருசம் 401 வண்டிகள் செய்யப்பட்டன என்பது சேகரிப்பாளர்கள் மத்தியில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ஃப்ரேமுக்கு அடித்த வெளிறிய பெயிண்டை வைத்து ஆங்கிலம் பேசும் உலகத்தில் இதைப் 'பச்சை ஃப்ரேம்' என்று கூப்பிடுகிறார்கள். அது பச்சையா நீலமா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2010களில் ஏலங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோன வண்டி இது.

இந்த வகை வண்டிக்கான கேட்டலாக் குறிப்பு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். முதலில் வருசமும் பெயரும். அடுத்தது ஃப்ரேம் எண், இன்ஜின் எண். இரண்டும் 075 என்று தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கதை முடிந்தது. பிறகு இமோலா பந்தயம், வடிவமைத்த பொறியாளரின் மேதைமை. பிறகு வண்டி யார் யார் கையில் இருந்தது என்ற வம்சாவளி. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் சின்னதாக ஒரு வாக்கியம்: பல வருசங்களாகக் காட்சிக்காக வைக்கப்பட்டிருந்த வண்டி, ஆகவே சாலையில் ஓட்டுமுன் தகுந்த மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துக்கொள்ளவும். கடைசியில் மதிப்பீடு, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை.

அந்தச் சின்ன வாக்கியத்தில்தான் விசயமே இருக்கிறது. இது பந்தய வண்டியின் வாரிசு. ஓடுவதற்காக, அதுவும் மற்ற எதையும்விட வேகமாக ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. இன்றைக்கு ஓடாமல் நிற்கிறது. அது குறை என்று யாரும் விலையைக் குறைப்பதில்லை. ஓடாமல் நின்றதாலேயே பெயிண்ட் பழைய பெயிண்டாக, டாங்க் பழைய டாங்காக இருக்கிறது என்று விலை ஏறுகிறது. பயன் மதிப்பு, பரிமாற்ற மதிப்பு என்று நாம் பாடம் படித்த இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்பதை இதைவிடத் துலக்கமாகப் பார்க்க முடியாது.

இமோலாவிலிருந்து தொடங்கலாம். 1972 ஏப்ரல் 23. அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தைப் பார்த்து, 750 சிசி வண்டிகளுக்கென்று இத்தாலியின் இமோலாவில் முதல் தடவையாக 200 மைல் பந்தயம் வைத்தார்கள். எம்.வி. அகுஸ்தாவில் ஜாக்கமோ அகோஸ்தினி வருகிறார். ஹோண்டா, டிரையம்ஃப், பி.எஸ்.ஏ., மோட்டோ குஸ்ஸி என்று பெரிய கூட்டம். டுக்காட்டிக்குப் பெரிய வண்டிப் பந்தயத்தில் அப்போது பேரே கிடையாது. ஓட்ட ஆள் தேடி இங்கிலாந்துக்குப் போன் போடுகிறார்கள். பால் ஸ்மார்ட் ஊரில் இல்லை, அமெரிக்காவில் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறார். போனை எடுத்த அவர் மனைவி மேகி புருசனைக் கேட்காமலேயே 'வருவார்' என்று சொல்லிவிட்டார். இமோலா வரலாற்றை எழுதுகிற எல்லோரும் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். அந்த வெற்றியின் முதல் முடிவை எடுத்தது ஒரு பெண் என்பது வேடிக்கைத் துணுக்காக மட்டுமே அந்த வரலாற்றில் தங்க முடிகிறது.

வண்டிகளைக் கண்ணாடிச் சுவர் வைத்த லாரியில் ஏற்றி, ஊர் பார்க்கும்படி இமோலாவுக்குக் கொண்டுவந்தார்கள். அருகில் போய்ப் பார்த்தால், கடையில் விற்கிற 750 ஜி.டி. வண்டியின் ஃப்ரேம்தான், நடு ஸ்டாண்டு மாட்டுகிற காதுகள்கூட வெட்டப்படாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்மார்ட் முதலாவது, புரூனோ ஸ்பாஜ்ஜாரி இரண்டாவது. இரண்டும் டுக்காட்டி. அகோஸ்தினி பாதியிலேயே நின்றுவிட்டார்.

இரண்டு வருசம் கழித்து, அந்த இமோலா வண்டியைப் போல ஒன்றைப் பொதுமக்களுக்கு விற்க முடிவுசெய்தார்கள். அதுதான் 1974ஆம் வருசத்து 750 சூப்பர் ஸ்போர்ட். இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். 'உற்பத்தி வண்டி'களுக்கான பந்தயத்தில் ஓடவேண்டுமென்றால், அந்த வண்டி கடையில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஒன்றிரண்டு செய்துவைத்து ஏமாற்றக்கூடாது என்பது விதி. அதாவது, அபூர்வமாக இருக்கக்கூடாது என்கிற நிபந்தனைக்கு ஈடாகச் செய்யப்பட்ட வண்டி இது. அந்த நிபந்தனையை நிறைவேற்றிய எண்ணிக்கையே இன்று 'உலகத்தில் 401தான்' என்று அபூர்வத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அபூர்வம் என்பது ஒரு பொருளின் இயல்பு என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

*

இன்ஜினுக்குள் கொஞ்சம் போகாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேச முடியாது. கோட்பாட்டுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இரும்பைக் கண்டால் ஒரு கூச்சம். எந்திரத்தைக் 'குறி'யாக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாம் அதைச் செய்யவேண்டாம்.

இரண்டு சிலிண்டர். ஒன்று ஏறக்குறையப் படுத்துக்கொண்டு முன்சக்கரத்தைப் பார்க்கிறது, இன்னொன்று நிமிர்ந்து நிற்கிறது. நடுவே 90 பாகை. மொத்தம் 748 சிசி. சாதாரண இன்ஜினில் வால்வைத் தள்ளித் திறப்பது கேம், இழுத்து மூடுவது ஸ்பிரிங். வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. மூடவேண்டிய நொடியில் வால்வு மூடாமல் மிதக்கும். மேலே வருகிற பிஸ்டன் அதில் மோதினால் இன்ஜின் காலி. ஃபாபியோ தால்யோனி என்ற பொறியாளர் டுக்காட்டியில் 1954இல் சேர்ந்தவர். அவர் பிடித்துக்கொண்ட வழி, ஸ்பிரிங்கின் தயவில் இருக்கவேண்டாம் என்பது. திறப்பதற்கு ஒரு ராக்கர், மூடுவதற்கு இன்னொரு ராக்கர். இரண்டையும் கேம்களே ஆட்டிவைக்கும். 'டெஸ்மோட்ரோமிக்' என்று பேர். கிரேக்கத்தில் கட்டு என்பதற்கும் ஓட்டம் என்பதற்குமான சொற்களைச் சேர்த்துச் செய்த சொல். யோசனை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1954, 55இல் மெர்சிடஸ் பந்தயக் கார்களில் இருந்ததுதான். மோட்டார் சைக்கிளில் அதை வெற்றிபெற வைத்தவர் அவர். 1956இல் ஸ்வீடன் பந்தயத்தில் 125 சிசி டெஸ்மோ வண்டியில் ஜான்னி தெலி அந்தோனி ஜெயித்தார். அடுத்த மாதமே மோன்ஸாவில் பயிற்சி ஓட்டத்தில் செத்துப்போனார். இந்தச் சாவையும் கேட்டலாக்குகள் சொல்வதில்லை. இரண்டு சிலிண்டர் சாலை வண்டியில் டெஸ்மோ முதன்முதலாக வந்தது 750 சூப்பர் ஸ்போர்ட்டில்தான்.

கீழே சுழலும் கிராங்கிலிருந்து மேலேயுள்ள கேமுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக அப்போது மற்றவர்கள் பெரும்பாலும் செயின் போடுவார்கள். தால்யோனி போட்டது ஒரு தண்டு. அதன் இரு முனையிலும் சாய்வாகப் பல் வெட்டிய சக்கரங்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு தண்டு. இந்தப் பற்கள் ஒன்றோடொன்று கடிக்கிற கடி சரியாக இருக்கவேண்டும். நெருக்கமாகக் கடித்தால் ஊளையிடும், விலகிக் கடித்தால் கடகடக்கும், தேய்ந்துபோகும். அதைச் சரிசெய்ய 'ஷிம்' என்கிற மெல்லிய வளையத் தகடுகளை அடியில் வைக்கவேண்டும். எந்தத் தடிமன் தகடு என்று எந்திரம் சொல்லாது. மாட்டி, சுற்றிப் பார்த்து, கழற்றி, வேறு தகடு வைத்து, மறுபடி மாட்டிப் பார்க்கிற வேலை. திறக்கும் ராக்கர், மூடும் ராக்கர் இரண்டுக்கும் இடைவெளி வைப்பதும் அதே மாதிரி. ஆக ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் யாரோ ஒரு தொழிலாளியின் விரல் நுனியும் காதும் பொறுமையும், கணிசமான மணிநேரமும் அடைபட்டுக் கிடக்கின்றன. ஸ்டார்ட் செய்தால் பற்கள் எழுப்புகிற அந்த மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டுச் சேகரிப்பாளர்கள் சொக்கிப்போகிறார்கள். அது சரியாகத் தகடு வைத்த ஒரு கையின் சத்தம். அந்தக் கைக்குப் பேர் கிடையாது. ஏலப் பட்டியலில் வாங்கி வைத்திருந்த ஒவ்வொருவரும் வம்சாவளியில் இடம்பெறுகிறார்கள். தகடு வைத்தவருக்கு அந்த வம்சத்தில் இடமில்லை.

*

அந்த மணிநேரம் அப்போது சும்மா கிடந்த மணிநேரம் இல்லை. இதற்குக் கம்பெனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. டுக்காட்டி 1926இல் ரேடியோ உதிரிபாகம் செய்கிற கம்பெனியாகத் தொடங்கியது. பொர்கோ பனிகாலேயில் இருந்த அதன் தொழிற்சாலை 1944 அக்டோபர் 12இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் தரைமட்டமானது. போர் முடிந்ததும் ஜனங்களுக்குச் சைக்கிள்தான் வாகனம். அந்தச் சைக்கிளில் மாட்டுகிற சின்ன இன்ஜினைச் செய்துதான் டுக்காட்டி எழுந்தது. அதற்குக் 'குச்சோலோ' என்று பேர், நாய்க்குட்டி என்று அர்த்தம். கிழக்கே போகவேண்டிய கூலித் தொழிலாளியும் மேற்கே போகவேண்டிய பால்காரரும் ஓட்டிய இன்ஜின். போருக்குப் பின் கம்பெனி அரசின் கைக்குப் போனது; 1985இல் காஜிவா என்ற தனியார் கம்பெனிக்கு விற்கப்படும் வரை ஏதோ ஓர் அரசு நிறுவனத்தின் கீழேயே இருந்தது. இமோலாவில் ஜெயித்ததும் 401 பச்சை ஃப்ரேம்களைச் செய்ததும் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலைதான். 'இத்தாலிய மேதைமை', 'கைவினைப் பாரம்பரியம்' என்று கேட்டலாக் உருகுகிற இடத்தில் 'அரசுத் தொழிற்சாலை' என்ற சொல் வந்து நான் பார்த்ததில்லை. அரசு நடத்தினால் அழுக்காகவும் மந்தமாகவும்தான் இருக்கும் என்கிற இன்றைய பொதுப்புத்திக்கு அது ஒத்துவராது அல்லவா?

நகரமும் லேசான நகரமில்லை. பொலோஞ்ஞா 1945 தொடங்கி 1999 வரை இடைவிடாமல் கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் வாரிசுக் கட்சியும் ஆண்ட மாநகராட்சி. 1969இல் இத்தாலிய உலோகத் தொழிலாளர்கள் நடத்திய, 'சூடான இலையுதிர்காலம்' என்று பேர் வாங்கிய போராட்டம் வாரம் 40 மணிநேர வேலையைப் படிப்படியாகக் கொண்டுவரும் ஒப்பந்தத்தில் முடிந்தது. 1970 மே மாதம் தொழிலாளர் உரிமைச் சட்டம் வந்தது. 1973 ஒப்பந்தத்தில் உலோகத் தொழிலாளர்கள் இன்னொன்றை வாங்கினார்கள்: படிப்பதற்காக, சம்பளத்தோடு 150 மணிநேரம். வேலைக்கு வேண்டிய பயிற்சிக்காக மட்டுமில்லை, விரும்பியதைப் படிக்கலாம். பள்ளியை விட்டு நின்றுபோன ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மணிநேரத்தை வைத்துத்தான் படிப்பை முடித்தார்கள். தொழிலாளியின் நேரம் யாருக்குச் சொந்தம் என்பது அந்த வருசங்களில் இத்தாலிய ஆலைகளின் மையமான கேள்வி. 750 சூப்பர் ஸ்போர்ட் செய்யப்பட்டது அடுத்த வருசம், 1974இல். ஆற அமரத் தகடு வைத்துப் பார்க்க மணிக்கணக்கில் ஆளை உட்காரவைக்கிற இன்ஜின், நிர்வாகத்தின் கணக்கில் நட்டமான இன்ஜினாகத் தெரிய ஆரம்பித்ததும் இதே காலத்தில்தான்.

1973 வாக்கில் வந்த புதிய நிர்வாகம் பந்தயத்தில் அக்கறை காட்டவில்லை. அடுத்த மாடலுக்கு உருவம் கொடுக்கக் கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோவைக் கூப்பிட்டார்கள். இன்ஜினைச் சுலபமாகச் செய்யும்படி மாற்றினார்கள். 1970களின் முடிவில் தால்யோனியே சாய்பல்லுத் தண்டை விட்டுவிட்டு, பல் வைத்த ரப்பர் பெல்ட் போட்ட 'பந்தா' இன்ஜினைச் செய்தார். பெல்ட்டை மாட்டத் தகடும் வேண்டாம், காதும் வேண்டாம். 1980களின் நடுவில் சாய்பல்லு இன்ஜின் நின்றேபோனது.

அந்த இன்ஜின் அபூர்வமானதற்குக் காரணம் மேதைகள் செத்துப்போனது இல்லை. தொழிலாளியின் மணிநேரத்துக்கு நியாயமான விலை கொடுக்கவேண்டிய காலம் வந்தது, அந்த விலைக்கு அந்த மணிநேரத்தை வாங்க நிர்வாகம் தயாராக இல்லை. இன்றைக்கு ஏலத்தில் லட்சம் டாலர் கொடுப்பவர், எந்த மணிநேரத்தை அன்று வாங்க மறுத்தார்களோ அதையே வாங்குகிறார். பணம் மட்டும் அந்த மணிநேரத்தைக் கொடுத்தவருக்குப் போகாது.

வேலைநிறுத்தம் கேட்டலாக்கில் வரவே வராது என்றும் சொல்லமுடியாது. வரும், வேறு விதமாக. கோமோ ஏரிக் கரையில் மந்தெல்லோவில் இருக்கிற மோட்டோ குஸ்ஸி தொழிற்சாலையின் வி7 ஸ்போர்ட் வண்டியைச் சொல்லலாம். 1971இல் வந்த முதல் சுமார் 150 வண்டிகளுக்கு மட்டும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் ஃப்ரேம் கட்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அதற்கு இன்று தனி மவுசு. அதன் முதல் ஃப்ரேமைப் பற்றி ஒரு கதை தவறாமல் சொல்லப்படுகிறது. ஆலையில் வேலைநிறுத்தம், கதவு மூடியிருக்கிறது. பொறியாளர் லீனோ தோந்தி தன் வீட்டு ஷெட்டிலேயே உட்கார்ந்து ஃப்ரேமைச் செய்து முடித்தாராம். கதை நிஜமாகவே நடந்திருக்கலாம். அதில் வேலைநிறுத்தத்துக்கு என்ன பாத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பார்க்கவேண்டியது. மழை, புயல், பனிமூட்டம் மாதிரி ஒரு தடங்கல். நாயகன் தாண்டிவரவேண்டிய இயற்கைச் சீற்றம். என்ன கேட்டு நிறுத்தினார்கள், கிடைத்ததா என்று கதைக்குத் தெரியவேண்டியதில்லை. ஃப்ரேமின் நிறமோ சிவப்பு!

*

ஏலம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கேட்டலாக்கில் கொடுக்கிற மதிப்பீடு ஒரு தூண்டில். கொஞ்சம் தாழ்வாக வைத்தால் ஆள் கூடும். விற்பவர் ரகசியமாக ஓர் அடிவிலை வைத்திருப்பார், அதற்குக் கீழே வண்டி கைமாறாது. 'அடிவிலை கிடையாது' என்று அறிவித்துவிட்டுப் போட்டியைக் கிளப்பிவிடுகிற உத்தியும் உண்டு. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டுகிற தொகை இறுதி விலை இல்லை. வாங்குபவர் அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்று கம்பெனிக்குக் கட்டணம் கட்டவேண்டும். விற்பவரிடமும் கமிஷன் உண்டு. பத்திரிகையில் வரும் 'சாதனை விலை' பெரும்பாலும் கட்டணத்தையும் சேர்த்த தொகை. இந்தத் தொகையே அடுத்த கேட்டலாக்கில் ஆதாரமாகத் திரும்பி வரும். இன்னோர் ஊரில் தூங்கிக்கொண்டிருக்கிற இன்னொரு பச்சை ஃப்ரேம், யாரும் தொடாமலேயே அன்று ராத்திரி விலை ஏறிவிடும்.

ஓவிய ஏலத்தைப் பற்றி ழான் போத்ரியார் 1972இல் வந்த தன் புத்தகத்தில் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அங்கே பணம் கொடுத்துப் பொருள் வாங்குவது நடப்பதாக நாம் நினைக்கிறோம். தனக்குச் சமமானவர்கள் முன்னிலையில் பணத்தைச் செலவழிக்கும் சடங்குதான் நடக்கிறது, அந்தச் செலவழிப்பே அந்தஸ்தின் குறியாக மாறுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மோட்டார் சைக்கிள் ஏலத்துக்கும் இது அப்படியே பொருந்தும். அதே 1972இல் ஜான் பெர்ஜர், பிரதி எடுக்க முடிகிற காலத்தில் மூலப் படத்தைச் சுற்றிப் போலிப் பக்தி ஒன்று கிளம்புவதையும், அதன் வேர் சந்தை விலையில் இருப்பதையும் காட்டினார். இமோலாவும் அதே வருசம் என்பது தற்செயல்.

ஆனால் போத்ரியாரோடு இந்த இடத்தில் முழுக்கப் போகமுடியவில்லை. எல்லாமே குறி, எல்லாமே அந்தஸ்து விளையாட்டு என்று சொல்லிவிட்டால் உற்பத்தி என்பது காட்சியிலிருந்து காணாமல் போய்விடுகிறது. கேட்டலாக்கும் அதைத்தானே செய்கிறது? ஏலக்கூடத்தில் 'மூலம்', 'அசல்' என்று எதைத் தேடிப் பூதக்கண்ணாடியோடு தவழ்கிறார்கள் என்று பாருங்கள். வெல்டிங் தடம், அச்சு அடித்த எண்ணின் கோணல், வார்ப்பின் சொரசொரப்பு. எல்லாம் கையின் தடங்கள். தொழிலாளி தடயமாக மட்டும் உள்ளே வர அனுமதி உண்டு.

இந்த வண்டியின் டாங்க் ஃபைபர் கிளாஸ். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிவதற்காகப் பக்கவாட்டில் ஒரு கோட்டுக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பார்கள். பந்தய டாங்கின் பழக்கம். அந்தக் காலத்து டுக்காட்டி டாங்க் ஒன்றின் ஃபைபருக்குள் ஓர் ஈ அப்படியே உறைந்து கிடந்தது என்று பிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அது இத்தாலிய அலட்சியத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரித்த கதை. இன்று அதே அலட்சியம் அசலின் முத்திரை. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் பெயிண்டை ரொம்ப நன்றாக அடித்துவிட்டால் 'மிகையான புதுப்பிப்பு' என்று மதிப்பு இறங்குகிறது. எனவே திறமையுள்ள ஆள் வேண்டுமென்றே கொஞ்சம் மோசமாக வேலை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாதாரண 750இன் ஃப்ரேமில் எண்ணை மாற்றி அடித்துப் போலிகளும் செய்கிறார்கள். போலியும் அசலும் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த குழாய்கள்தான், எண்தான் வேறு. ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்கிற வேலைக்கு நிபுணர்கள் இருக்கிறார்கள்.

அசல் என்பதன் இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் இருக்கிறது. 'சைக்கிள்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியர் குக் நீல்சனும் அவருடைய சக எழுத்தாளர் ஃபில் ஷில்லிங்கும் 1974 மாடல் 750 சூப்பர் ஸ்போர்ட் ஒன்றை வாங்கினார்கள். வாங்கியதை வைத்துப் பூஜை செய்யவில்லை. அறுத்தார்கள், சிலிண்டரைப் பெரிதாக்கினார்கள், பாகங்களை மாற்றினார்கள், நீலப் பெயிண்ட் அடித்தார்கள். கடைசியில் எது டுக்காட்டியின் பாகம், எது இவர்கள் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத வண்டி. 1977 மார்ச்சில் டேடோனா சூப்பர்பைக் பந்தயத்தில் நீல்சன் அதில் முதலாவதாக வந்தார். பொருளைப் புரிந்துகொள்ள இதுவும் ஒரு வழி. எழுதுகிறவர்களுக்கு இது அன்னியமான விசயமில்லை. ஒரு பிரதியை நேசிக்கிறவன் அதைத் தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பானா, அடித்துத் திருத்தித் தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்வானா? (அதே 1977 மார்ச்சில்தான் பொலோஞ்ஞாவின் பல்கலைக்கழகத் தெருவில் பிரான்செஸ்கோ லொருஸ்ஸோ என்ற மாணவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார், கவச வண்டிகள் நகரத்துக்குள் வந்தன. மோட்டார் சைக்கிள் புத்தகங்களில் பொலோஞ்ஞா என்பது ஒரு தொழிற்சாலையின் முகவரி, அவ்வளவுதான்.)

இப்படிச் சொல்வதால் சேகரிப்பவர்களின் ஆசை முழுக்கப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வண்டியை யார் பார்த்தாலும் அழகுதான். நீண்டு ஒடுங்கிய உடம்பு, ஒளிவு மறைவில்லாமல் வெளியே தெரியும் இன்ஜின், ஒரு கோடு அதிகமில்லை. இளம் வயதில் படத்தில் பார்த்து ஏங்கிய மெக்கானிக் ஒருவர் உதிரி உதிரியாகச் சேர்த்து இருபது வருசத்தில் ஒன்றைக் கட்டி எழுப்புவதும் இந்த உலகத்தில் நடக்கிறது. விலை ஏற ஏற முதலில் வெளியே தள்ளப்படுகிறவர் அவர்தான். ஒரு பாகம் ஆயிரக்கணக்கான டாலர் என்று ஆகிவிட்டால், வண்டியைக் கையால் அறிந்தவனுக்கும் வண்டிக்கும் உறவு அறுந்துபோகிறது. 1998இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் மோட்டார் சைக்கிளைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்துப் பெருங்கூட்டம் கூட்டிய பிறகு இது இன்னும் வேகமானது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. டுக்காட்டி 1985க்குப் பின் பல கை மாறியது: 1996இல் டி.பி.ஜி. என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், 2012இல் ஆவ்டி. இதற்கு நடுவே 2006 மாடலாகப் 'பால்ஸ்மார்ட் 1000' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இமோலா வண்டியின் வெள்ளி நிறம், வெளிறிய பச்சை ஃப்ரேம், உள்ளே பெல்ட் இன்ஜின். இரண்டாயிரம் வண்டிகளோடு நிறுத்திக்கொள்வதாக முதலிலேயே அறிவிப்பு. 1974இல் எண்ணிக்கை குறைந்ததற்கு விதியும் சந்தையும் ஆலை நிலவரமும் காரணம். 2006இல் குறைவு என்பதே திட்டமிட்ட உற்பத்திப் பொருள். இந்த வண்டிகளும் மிகக் குறைவாக ஓடிய நிலையில் ஏலத்துக்கு வர ஆரம்பித்துவிட்டன.

பழைய 401இன் டாங்குக்கு வருவோம். இன்றைய பெட்ரோலில் பல நாடுகளில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் அந்தக் காலத்து ஃபைபர் கிளாஸின் பிசினை இளக்கிவிடும். டாங்க் உப்பும், உள்சுவர் கரைந்து கார்புரேட்டரில் பிசுபிசுப்பாக வந்து அடைக்கும். அசல் டாங்க் வேண்டுமென்றால் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஓட்டவேண்டுமென்றால் அசல் டாங்கைக் கழற்றி வைத்துவிட்டு அலுமினியத்தில் ஒன்று செய்து மாட்டிக்கொள்ளவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். ஏலத்தன்று வண்டியில் அசல் டாங்க் இருக்கும். பெயிண்ட் அடிக்காத கோட்டின் வழியே உள்ளே பார்த்தால், காலி.